பல்வேர் குறுகும் அபாயம்: முன்கூட்டி அறியும் வகை

பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ள வருகிறவர்களும், பிள்ளைகளை அழைத்து வருகிற பெற்றோரும், கண்ணாடியில் தெரிகிற பகுதியைப் பற்றியே சிந்திக்கிறார்கள். அது இயல்புதான், ஏனெனில் அவர்களுடைய மனக்குறை அந்தப் பகுதியைக் குறித்தே பிறந்தது. ஆனால் மேல்வரிசையின் நடு முன்பல் ஒன்றை எடுத்துக்கொண்டால், வெளியில் தெரியும் மகுடம் சுமார் 10.5 மில்லிமீட்டர் உயரமே இருக்க, ஈறுக்கும் தாடை எலும்புக்கும் உள்ளே மறைந்து நிற்கும் வேர் சுமார் 13 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறது. கோரைப்பல்லுக்கோ அது 17 மில்லிமீட்டர் வரை போகிறது. பிராக்கெட்டை ஒட்டிக் கம்பியைக் கோப்பதெல்லாம் மகுடத்தின்மேல் நடந்தாலும், உண்மையில் எலும்பைத் துளைத்துக்கொண்டு இடம் பெயர வேண்டியது அந்த வேர்தான். அப்படிப் பெயரும்போது வேரின் நுனி கொஞ்சம் கரைந்து, பல் தன் பூர்வ நீளத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுவது உண்டு. இதனால் நோயாளிக்கு வலி இராது, கூச்சம் இராது. பல் ஆட்டம் காண்பதும் விஷயம் வெகுதூரம் போன பிறகே. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காதவரை வைத்தியருக்கும் தெரியாது. ஆகையால் யாருக்கு இது வரக்கூடும், எவ்விதச் சிகிச்சையில் மிகும், எந்தக் காலத்தில் எதைச் சோதித்தால் ஆரம்பத்திலேயே பிடிபடும் என்பவற்றைச் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லுமுன் அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் இதன் அளவைச் சொல்லிவிடுவது நலம். அளவு தெரியாத அபாயம் சிலருக்கு வீண் பீதியாகவும் வேறு சிலருக்கு வீண் அலட்சியமாகவும் முடிகிறது. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், கம்பியின் விசைக்கு உட்பட்ட அநேகமாக எல்லாப் பற்களின் வேரிலும் சிறு குழிகள் தென்படும். எக்ஸ்ரே படத்தில் அளந்தால், முழுச் சிகிச்சை முடிந்த ஒருவரின் மேல் முன்பற்களில் சராசரியாக 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை குறைந்திருக்கும். இவ்வளவு குறைவினால் பல்லுக்கு யாதொரு கேடும் இல்லை. 5 மில்லிமீட்டருக்கு மேலாகவோ, வேரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவோ குறையும் கடுமையான நிலை, ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகிறபடி, நூற்றுக்கு 1 முதல் 5 வரையிலேயே நேர்கிறது. கிளிப் போட்டால் வேரெல்லாம் கரைந்து நாற்பது வயதில் பல் கொட்டிவிடும் என்று கல்யாண வீடுகளில் சொல்லப்படும் பேச்சுக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக நம் வீட்டுப் பிள்ளை இருக்கக்கூடுமா என்று கேட்பதற்கு நிறையவே ஆதாரம் இருக்கிறது. அதற்கு விடை தேடுவதற்கு வழியும் இருக்கிறது.

பல் எலும்புக் குழியில் ஆணி அறைந்தாற்போல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கம்பி ஒரு திசையில் அழுத்தும்போது அந்தத் திசையில் சவ்வு நசுங்குகிறது. அழுத்தம் மிதமாக இருந்தால் இரத்த ஓட்டம் நிற்காமல், எலும்பைக் கரைக்கும் செல்கள் முறையாக வந்து வழி விடுகின்றன. நுண்குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தத்தை மிஞ்சினால் தீங்கு என்று ஷ்வார்ட்ஸ் என்பவர் 1932-இல் எழுதி, அந்த எல்லையைச் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்று குறித்தார். அந்த எல்லை தாண்டப்படும் இடத்தில் சவ்வின் ஒரு பகுதி உயிரிழந்து கண்ணாடி போல் வெளிறிய திசுவாக மாறுகிறது. அதை அகற்றுவதற்காகத் துப்புரவுச் செல்கள் திரண்டு வருகின்றன. வேரின் மேற்பரப்பைச் சிமெண்டம் என்னும் உறை மூடியிருக்கிறது. அதன் மேல் படிந்திருக்கும், இன்னும் சுண்ணம் ஏறாத மெல்லிய படலந்தான் வேருக்கு உண்மையான காவல். எலும்பு ஓயாமல் கரைந்து புதிதாகும் சுபாவமுடையதாயிருக்க வேர் மட்டும் ஆயுள் முழுதும் அப்படியே நிற்பது இந்தக் காவலினால்தான். இறந்த திசுவை அகற்ற வந்த செல்கள் அந்தப் படலத்தையும் சேர்த்து அகற்றிவிட்டால், அடியிலிருக்கும் கடினப் பொருள் அவற்றின் வாய்க்கு இரையாகிறது. அழுத்தம் ஓய்ந்ததும் வேரின் பக்கங்களில் விழுந்த குழிகளைப் புதிய சிமெண்டம் வந்து நிரப்பிவிடும். ஆனால் நுனியைச் சுற்றிலும் குழிகள் ஒன்றோடொன்று கூடி நுனியையே தனியாகப் பிரித்துவிட்டால், பிரிந்த துண்டு கரைந்தே போகும். ஆறிய பின் விளிம்பு வழவழப்பாகும். நீளம் திரும்பி வராது.

நிலைப்பற்களின் வேர் கரைவதைப் பற்றி 1856-இலேயே பேட்ஸ் என்பவர் எழுதியிருக்கிறார். பல் சீரமைப்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1914-இல் ஒட்டோலெங்குயி சுட்டினார். அமெரிக்காவின் டென்வர் நகரத்து வைத்தியர் ஆல்பர்ட் கெச்சம் 1927-இல் எக்ஸ்ரே படங்களை வரிசையாக வைத்துக் காட்டிய பிறகே இத்துறையினர் கண் விழித்தனர். ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும் இன்னாருக்கு இத்தனை மில்லிமீட்டர் குறையும் என்று ஆரூடம் சொல்ல யாராலும் முடியவில்லை. அபாயக் காரணங்கள் என்று கீழே சொல்லப்படுபவை எல்லாம் நிகழ்வதற்கான சாத்தியத்தைக் கூட்டுபவையே. ஒன்றிரண்டு இருப்பதனால் சிகிச்சையே கூடாதென்று கொள்ள வேண்டியதில்லை.

நோயாளி தம்மோடு கொண்டு வருபவை

எல்லாப் பற்களும் ஒரே விதமாகத் தேய்வதில்லை. மேல் முன்பற்கள் நான்குமே அதிகம் பாதிக்கப்படுகின்றன. அவற்றுள்ளும் நடுப்பற்களை அடுத்து நிற்கும் பக்க முன்பற்களுக்கு முதலிடம். மேல் முன்பற்களையே பெரும்பாலும் அதிக தூரம் நகர்த்த வேண்டியிருப்பதும், பக்க முன்பல்லின் வேர் மெல்லியதாகவும் நுனி வளைந்ததாகவும் அடிக்கடி அமைவதும் இதற்குக் காரணம். கீழ் முன்பற்கள் அடுத்தபடி. கடைவாய்ப்பற்கள் பொதுவாக உறுதியானவை.

வேரின் வடிவத்தை நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் சிகிச்சை தொடங்குமுன்பே படத்தில் கண்ணால் பார்த்துவிடக்கூடிய அடையாளம் அது. மழுங்கலாகவோ ஒழுங்கான வளைவாகவோ முடியும் வேர் சாதாரணமானது. வேர் நெடுகப் பருமனாக வந்து, நுனிக்குச் சற்று முன் திடீரென்று ஒடுங்கிக் குழாய் மூக்குப் போல் நீண்டிருந்தாலும், ஊசியாகக் கூர்ந்து முடிந்தாலும், நுனி ஒருபுறமாக மடங்கி நின்றாலும் அந்த வேரின்மேல் விசேஷக் கவனம் வேண்டும். இவற்றைப் பார்க்கத் தேர்ந்த கண் தேவையில்லை. நல்ல வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து, இடப்பக்கத்துப் பல்லையும் வலப்பக்கத்துப் பல்லையும் மாறி மாறிப் பார்த்தால், வித்தியாசம் பள்ளிச் சிறுவனுக்கும் புலப்படும். சிகிச்சை தொடங்குமுன்பே வேர் சற்றுக் கரைந்திருந்தால் அது எல்லா அடையாளங்களையும் விடக் கனமானது. மேல் கோரைப்பல் முளைக்க வேண்டிய வழி தவறி எலும்புக்குள்ளேயே கிடந்து பக்க முன்பல்லின் வேரை அரித்துக்கொண்டிருப்பது உண்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதாகியும் ஒரு கோரைப்பல் மட்டும் காணவில்லை என்றால், அழகுக் குறையாக மட்டும் அதை எண்ணி நாளைக் கடத்தாமல், அது எங்கே கிடக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பரம்பரைக்கு இதில் பங்குண்டு. உடன்பிறந்தோரின் வேர்த் தேய்வு ஒருவருக்கொருவர் ஒத்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அழற்சியைத் தூண்டும் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவில் காணும் வேறுபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக 2003-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. பின்வந்த ஆய்வுகள் அதை ஒரு முகமாக ஆமோதிக்கவில்லை. மரபணுச் சோதனைக்குப் பணம் செலவிடுவதைவிட, மூத்தவனுக்கோ மூத்தவளுக்கோ கிளிப் போட்டபோது வேர் தேய்ந்ததா என்று வைத்தியர் கேட்பதும், கேட்காவிட்டாலும் பெற்றோரே சொல்வதும் அதிகப் பயன் தரும். அக்காளுக்குத் தேய்ந்திருந்தால் தம்பியின் படங்களை இன்னும் நெருங்கிய இடைவெளியில் எடுக்க அது ஒன்றே போதிய காரணம்.

சைக்கிளிலிருந்து விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ முன்பல்லில் அடிபட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் அநேகர். அடி பட்டதனாலேயே வேர் தேயும் என்பது இல்லை; அடியின் விளைவாக வேரில் முன்பே கரைவு தொடங்கியிருந்தால்தான் கம்பியின் விசை அதை வளர்த்துவிடும். ஆயினும் அந்த வித்தியாசத்தைக் காண்பது எக்ஸ்ரேயால் மட்டுமே முடியுமாதலால், ஐந்தாம் வகுப்பில் விழுந்தது எட்டாம் வகுப்பில் மறந்துபோயிற்று என்று விடாமல், விழுந்த கதையை முழுவதுமாகச் சொல்லிவிட வேண்டும். ரூட் கேனல் செய்த பல்லைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். சரியாகச் செய்து ஆறிய பல், உயிருள்ள பல்லை விட அதிகமாகத் தேய்வதில்லை; சில ஆய்வுகளில் குறைவாகவே தேய்ந்திருக்கிறது.

நகம் கடிக்கும் பழக்கமும், விழுங்கும்போது நாக்கால் முன்பற்களைத் தள்ளும் பழக்கமும் வேர்த் தேய்வோடு சேர்ந்து காணப்பட்டிருக்கின்றன. முன்னும் பின்னுமாகப் பல்லை ஓயாமல் அசைக்கும் விசை எதுவாயினும் வேருக்கு ஆகாது என்பதே இதன் தாத்பரியம். நகம் கடிப்பதுண்டா என்று கேட்டால் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். கையை நீட்டச் சொல்லிப் பத்து விரல்களையும் பார்த்தால், சதைக்குள் அமுங்கிய குட்டை நகங்களும் ஓரங்களில் பிய்ந்து சிவந்த தோலும் உண்மையைச் சொல்லிவிடும். மேல்கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்தே நிற்கும் வாயமைப்பும், சில பற்கள் பிறவியிலேயே இல்லாமலிருப்பதும் இதே வரிசையில் சேர்க்கத்தக்கவை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடைவாய்ப்பற்களின் வேர்நுனி சற்று அதிகமாக மழுங்குவதாகக் கண்டிருக்கிறார்கள். தைராய்டுக் குறைவு, எலும்பு சம்பந்தமான நோய்கள், அவற்றுக்கு உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றையும் பல் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. ஆண் பெண் வித்தியாசம் ஒன்றும் உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. வயதைப் பற்றிப் பலவாறு சொல்வார்கள். வேர் இன்னும் முழுதாக வளர்ந்து முடியாத இளம்பருவத்தில் தொடங்கியவர்களுக்குத் தேய்வு குறைவு என்பது வரையில் கொள்ளலாம்.

சிகிச்சையின் பங்கு

மேலே சொன்னவற்றை மாற்ற நம்மால் ஆவது கொஞ்சமே. கம்பியை என்ன விசையோடு, எந்தத் திசையில், எத்தனை மாதம் பிரயோகிப்பது என்பதோ முழுக்க வைத்தியரின் கையில் இருக்கிறது. இங்கே எல்லா ஆய்வுகளும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: வேரின் நுனி பயணம் செய்யும் தூரமும், சிகிச்சை நீடிக்கும் காலமும் மிகுந்தால் தேய்வும் மிகும். தூக்கலான முன்பற்களை உள்ளே தள்ளுவதற்காக நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு, பிறந்த இடைவெளி முழுவதையும் மூடும் சிகிச்சை நம் நாட்டில் மிகச் சாதாரணமானது. முன்பற்கள் அதிகம் நகர வேண்டிய சந்தர்ப்பமும் அதுவே. ஆதலால் பல் எடுத்துச் செய்யும் சிகிச்சையில், எடுக்காமல் செய்வதைவிடத் தேய்வு சராசரியாகச் சற்று அதிகம். இதனால் பல்லை எடுக்கவே கூடாதென்பது என் அபிப்பிராயமன்று. எடுக்காமல் விட்டால் உதடு மூடாத வாய்க்குப் பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்கச் சொல்லும் காரணத்தோடு வேரின் நிலையையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

நகர்வின் வகையும் முக்கியம். பல்லை எலும்புக்குள் மேல்நோக்கி அமிழ்த்தும்போது அழுத்தம் முழுவதும் கூரிய நுனியில் குவிகிறது. ஒரே வாயில் ஒரு பல்லை அமிழ்த்தியும் மற்றொன்றை வெளியே இழுத்தும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், அமிழ்த்திய பல் சுமார் நான்கு மடங்கு அதிகமாகத் தேய்ந்திருந்தது. ஆகவேதான் ஒரு பல்லை அமிழ்த்த 10 முதல் 20 கிராம் விசையே போதும் என்றும், பல்லை முழுதுமாக ஒரு பக்கம் நகர்த்த 70 முதல் 120 கிராம் வரை ஆகலாம் என்றும் பாடநூல்கள் பேதம் பாராட்டுகின்றன. மகுடத்தை நிறுத்திவைத்து வேரை மட்டும் உள்நோக்கித் திருப்புவதும் இதற்கு இணையான கடினமான வேலை. அப்படித் திருப்பும்போது வேர், மிருதுவான எலும்பைக் கடந்து, அண்ணத்தை ஒட்டிய கெட்டியான எலும்புச் சுவரில் போய் முட்டுமானால் அபாயம் பன்மடங்காகிறது. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அவ்வாறு முட்டியவர்களுக்குக் கடுமையான தேய்வு நேரும் வாய்ப்பைச் சுமார் 20 மடங்கு என்று கணக்கிட்டது. பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரேயில் அந்தச் சுவர் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். நல்ல ஆர்த்தோடாண்டிஸ்ட் அதை அளந்து பார்த்தே, முன்பற்களை இவ்வளவுதான் உள்ளே கொண்டுபோகலாம் என்று வரையறை செய்வார். இன்னும் கொஞ்சம் உள்ளே போகட்டுமே என்று நாம் வற்புறுத்துவது அவருடைய வரையறையை நாமே அழிப்பதாகும்.

மிகையான விசை தேய்வைக் கூட்டும் என்பதில் சந்தேகமில்லை. இடையறாத விசையை விட விட்டுவிட்டு வரும் விசை வேருக்கு நல்லது, ஏனெனில் இடையில் கிடைக்கும் ஓய்வில் குழிகள் ஆறுகின்றன. ஆனால் இந்த உண்மையைக் காட்டி, வைத்தியர் மேலுக்கும் கீழுக்கும் மாட்டச் சொன்ன ரப்பரை இரவில் மாட்டிப் பகலில் கழற்றி, இரண்டு நாள் போட்டு மூன்று நாள் மறந்துபோவதை நியாயப்படுத்த முடியாது. அதனால் பல் முன்னும் பின்னும் ஊசலாடுவதோடு, 18 மாதத்தில் முடிய வேண்டிய வேலை 30 மாதமாக நீளுகிறது. அந்த நீட்சியே தனியொரு அபாயக் காரணம். உடைந்த பிராக்கெட்டோடு பரீட்சை முடியட்டும் என்று இரண்டு மாதம் கழித்து வருவதும் இவ்வகையே.

எந்தக் கிளிப் நல்லது என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். பிராக்கெட்டின் வகை மாறுவதனால் வேர்த் தேய்வு மாறுவதாக நிரூபணமில்லை. கழற்றி மாட்டும் அலைனரில் சில ஆய்வுகள் குறைவான தேய்வைக் காட்டினாலும், அதிக தூரம் நகர்த்தாத எளிய வாய்களுக்கே அலைனர் பெரும்பாலும் போடப்படுவதால் அந்த ஒப்பீடு முழு நியாயமானதன்று. அலைனர் போட்டால் வேர் தேயவே தேயாது என்று விளம்பரத்தில் கண்டால் நம்ப வேண்டாம்.

விளம்பரத்தைவிடக் கெடுதலானது அவசரம். ஆவணியில் கல்யாணம், அதற்குள் முடித்துக் கொடுங்கள் என்று சித்திரையில் வந்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு சீரமைப்பு வைத்தியரும் அறிவார். எலும்பு கரைந்து வழி விடுவதற்கு அதற்கென்று ஒரு காலம் வேண்டும். விசையைக் கூட்டினால் அது விரைவதற்குப் பதிலாக, முன்பு சொன்ன இறந்த திசு பெருகிப் பல் சில வாரம் நின்றே போகும், வேரும் கரையும். முகூர்த்தத்துக்குள் முடியாது என்று நேர்மையாகச் சொல்லும் வைத்தியரை விட்டு, முடியும் என்று சொல்லும் வேறொருவரைத் தேடிப் போவது வேரை விலையாகக் கொடுத்துப் புகைப்படம் வாங்குவதாகும். அத்தனை அவசரமானால், படத்துக்குத் தெரியும் இரண்டொரு பற்களை மட்டும் மென்மையாக நேராக்கிக்கொண்டு, எஞ்சியதைக் கல்யாணத்துக்குப் பிறகு தொடர்வது பற்றிப் பேசலாம்; கிளிப்போடு மணமேடை ஏறினாலும் தோஷம் ஒன்றுமில்லை.

ஆறாம் மாதத்துப் படம்

இந்த அத்தியாயத்தில் வேறெதையும் நினைவில் வைக்காதவர்கள் இதையாவது வைத்துக்கொள்ளட்டும். கம்பி போட்டு 6 முதல் 9 மாதத்துக்குள் மேல் முன்பற்களுக்குச் சிறு எக்ஸ்ரே படம் ஒன்று எடுத்து, தொடங்குமுன் எடுத்த அதே பற்களின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த லெவாண்டரும் மால்ம்கிரெனும் 1988-இல் இதன் மதிப்பை எடுத்துக் காட்டினார்கள்: அந்த ஆரம்ப மாதங்களில் வேரின் விளிம்பு தெளிவாகக் கரைந்திருக்குமானால், சிகிச்சை முடிவதற்குள் அந்தப் பல் கடுமையாகத் தேயும் சாத்தியம் மிகுதி, ஆரம்பத்தில் ஒன்றும் காணாதவர்களுக்குக் கடைசியில் கடுமையான தேய்வு நேர்வது அரிது. மேலே அடுக்கிய காரணங்கள் யாவும் ஊகத்துக்கே உதவும். இந்தப் படமோ ஊகத்தை விட்டுக் கண்ணுக்கு முன் காட்டுகிறது.

அவர்கள் வழங்கிய அளவுகோலும் எளியது. வேரின் விளிம்பு சற்றே கரடுமுரடாயிருந்தால் முதல் நிலை. நீளம் 2 மில்லிமீட்டருக்குள் குறைந்திருந்தால் இரண்டாம் நிலை. 2 மில்லிமீட்டரிலிருந்து வேரின் மூன்றிலொரு பங்கு வரை போயிருந்தால் மூன்றாம் நிலை. அதற்கும் மேற்பட்டால் நான்காம் நிலை. ஆறாம் மாதத்திலேயே இரண்டாம் நிலை தோன்றினால் கம்பியைச் செயலற்றதாக்கிவிட்டு 2 முதல் 3 மாதம் ஓய்வு கொடுப்பது உத்தமம். இப்படி இடையில் நிறுத்தித் தொடர்ந்த பற்கள், நிறுத்தாமல் தொடர்ந்த பற்களைவிடக் குறைவாகத் தேய்ந்ததை அதே நாட்டினர் 1994-இல் காட்டியிருக்கிறார்கள். ஓய்வென்றால் கிளிப்பைக் கழற்றிவிடுவது என்று எண்ண வேண்டாம். பல்லைத் தள்ளாத கம்பி ஒன்று கோத்தபடியே இருக்கும். அந்த மாதங்களில் டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை, போக்குவரத்துச் செலவுதான் மிச்சம் என்று குறைப்படுகிற பெற்றோருக்குச் சொல்கிறேன்: ஒன்றும் செய்யாதிருப்பதே அப்போதைய சிகிச்சை. அதற்குப் பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தேய்வு அடங்காவிட்டால் இலட்சியத்தையே குறைத்துக்கொண்டு, பற்கள் நிற்கும் ஓரளவு நல்ல நிலையிலேயே முடித்துவிடுவது விவேகம்.

படத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. முகத்தைச் சுற்றி வந்து இரு தாடைகளையும் ஒரே படமாக எடுக்கும் ஓபிஜி, பொதுப் பார்வைக்குச் சிறந்தது. முன்பற்களின் வேர்நுனியை அளப்பதற்கு அது தகுதியானதன்று. முன்பற்கள் சாய்ந்திருந்தால் அவற்றின் நுனி அந்தப் படத்தில் மங்கி மறைந்துவிடுகிறது. இல்லாத தேய்வு இருப்பதாகவும், இருக்கும் தேய்வு ஐந்திலொரு பங்குக்கு மேல் மிகைப்பட்டும் தோன்றக்கூடும். ஆகவே வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படமே வேண்டும். ஒப்பிடும் இரண்டு படங்களும் ஒரே கோணத்தில் எடுத்தவையாயிருக்க வேண்டும். கோணம் மாறியதா என்று அறிய ஓர் உபாயம் உண்டு: இரண்டு படங்களிலும் மகுடத்தின் உயரத்தை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். மகுடம் தேய்வதற்குக் காரணமில்லை. மகுடமே இரண்டாம் படத்தில் குட்டையாயிருந்தால், வேர் குட்டையாகத் தெரிவதிலும் ஒரு பங்கு படத்தின் சாய்வால் வந்தது. கதிர்வீச்சை எண்ணித் தயங்குவோருக்கு, இந்தச் சிறு படத்தின் கதிரளவு எக்ஸ்ரே வகைகளிலேயே மிக அற்பமானவற்றில் ஒன்று என்று சொல்லலாம். முப்பரிமாண ஸ்கேனில் தேய்வு இன்னும் நுட்பமாகத் தெரியும் என்பது மெய்யே. அதன் கதிரளவும் கட்டணமும் அதிகமாதலால், எலும்புக்குள் புதைந்த கோரைப்பல் போன்ற பிரத்தியேகக் காரணம் இருந்தாலொழிய எல்லோருக்கும் அது தேவைப்படாது.

கிளிப் கழற்றிய பின்

விசை நின்றதும் தேய்வும் அநேகமாக நின்றுவிடுகிறது. கரடாயிருந்த விளிம்பு சில மாதங்களில் மழமழப்பாக ஆறிவிடும். வேர் குறுகிய பல் உடனே விழுந்துவிடுமோ என்று அஞ்சுவோர், வேரின் வடிவத்தை எண்ணிப் பார்க்கட்டும்: முள்ளங்கியைப் போல் அது கழுத்தில் பருத்து நுனியில் சிறுத்திருப்பதால், எலும்பைப் பற்றும் பரப்பில் பெரும்பங்கு கழுத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. நுனியில் 3 மில்லிமீட்டர் இழப்பதும், ஈறு நோயால் கழுத்தருகே எலும்பு 1 மில்லிமீட்டர் தாழ்வதும் பல்லின் பிடிப்பைப் பொறுத்தவரை ஏறக்குறைய சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பெறப்படுகின்றன. கடுமையாகத் தேய்ந்த பற்களும் பல ஆண்டுகள் உழைத்ததைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் கண்டிருக்கின்றன என்பது ஒன்று. நுனியை ஏற்கெனவே இழந்த பல்லுக்குக் கழுத்துப் பக்கத்தில் இழக்க மிச்சமில்லை என்பது மற்றொன்று; அப்படிப்பட்டவர்கள் பல் விளக்குவதிலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஈறைச் சுத்தம் செய்துகொள்வதிலும் பிறரைவிட இரட்டிப்பு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்; வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் அண்டவே கூடாது.

பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க உட்புறம் ஒட்டும் மெல்லிய கம்பி, வேர் குறுகியவர்களுக்கும் போடத்தக்கதே. அது சற்றும் இழுக்காமல், வெறுமே பிடித்துக்கொண்டிருக்கும்படி படிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பல் ஆட்டம் தெரிந்தாலோ, கடிக்கும்போது ஒரு பல் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே மோதினாலோ தாமதியாமல் காட்ட வேண்டும்.

சிகிச்சையின் நடுவில் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு ஊருக்குக் குடிபெயர்கிறவர்கள் இப்போது அதிகம். திருநெல்வேலியில் தொடங்கியதைச் சென்னையிலோ பெங்களூரிலோ தொடர வேண்டி வரும்போது, எல்லோரும் கேட்டு வாங்குவது கட்டிய பணத்தின் ரசீதை. வாங்க வேண்டியது தொடக்கத்து எக்ஸ்ரே படங்களை. அவை இல்லாவிட்டால் புதிய வைத்தியர் ஆறாம் மாதத்துப் படத்தை எதனோடு ஒப்பிடுவார்? கைப்பேசியில் படத்தைப் படம் பிடித்து வைப்பது போதாது. ஆஸ்பத்திரியிலுள்ள கணினிக் கோப்பையே கேட்டு, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி நாளில் ஒருமுறை கிளிப் போட்டு, பற்கள் மீண்டும் கலைந்துபோய், முப்பது வயதில் இரண்டாம் முறை போட எண்ணுகிறவர்களுக்கும் இது பொருந்தும்: முதல் சிகிச்சையில் வேர் எவ்வளவு போயிற்று என்பதைப் பழைய படங்களும் புதிய படமும் சேர்ந்துதான் சொல்ல முடியும். ஏற்கெனவே பாதி குறுகிய வேரோடு இரண்டாம் முறை நான்கு பல் எடுத்து இடைவெளி மூட முற்படுவதைவிட, முன்னால் தெரியும் இரண்டு பற்களை நான்கைந்து மாதத்தில் மெல்லிய விசையால் நேராக்கி நிறுத்திக்கொள்வதோ, கலைந்ததை அப்படியே ஏற்றுக்கொள்வதோ பல வேளைகளில் மேல்; எதைத் தேர்வதானாலும் இரண்டாம் சிகிச்சையின் முதல் படத்தை ஆறு மாதம் வரை தள்ளாமல் மூன்றாம் மாதத்திலேயே எடுத்துவிட வேண்டும்.